மருட்கையும் எச்சமும்: முத்துக்குளித்துறை ஆவண மொழிபெயர்ப்பை முன்வைத்து

ஆங்கிலத்தில் 'டு' சேர்ந்த எச்சம் நோக்கப் பொருளை மட்டுமே உணர்த்தும் எனக் கொள்வது குறையுடைய கருத்தாகும். 'ஒன்லி டு ஃபைண்ட்' என்பது எதிர்பாராமையை உணர்த்தும் தொடர். முத்துக்குளித்துறை பற்றிய ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. குளியாட்கள் மூழ்கினர், பாரிலோ சிப்பியில்லை என்னும் செய்தி இத்தொடரில் அமைந்திருப்பின், 'வெறும் பாரைக் காண்பதற்காகவே மூழ்கினர்' எனப் பெயர்த்தல் பிழை. ஏமாற்றம் நோக்கமாகிவிடுகிறது, உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர் பேதையராகக் காட்டப்படுகின்றனர்.

இவ்விடத்திற்குத் தமிழில் உரியது செயவென் எச்சமன்று, செயினென் எச்சமே. 'மூழ்கிப் பார்த்தால் ஒரு சிப்பிகூட இல்லை' என்னுமிடத்துச் செயல் நிகழ்ந்து முடிந்தது. ஆகவே 'பார்த்தால்' என்பதில் நிபந்தனை இல்லை, வியப்பே உண்டு. பேச்சுவழக்கென இதனை ஒதுக்குவது பொருந்தாது. ஆவண நடைக்கும் இது தகும். 'சர்ப்ரைஸ்டு டு ஃபைண்ட்' என்பதற்கோ 'கண்டு வியந்தனர்' எனச் செய்து வாய்பாடே போதும். நம்பவியலாமையை ஆங்கிலம் 'டு' இல்லாத வெற்று எச்சத்தாலும் உணர்த்தும். அதற்கு 'அவன் பொய் சொல்வதாவது!' என்னும் தொழிற்பெயர்த் தொடர் நேர்நிற்கும்.

புன்னைக்காயலில் வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் பதினாறாம் நூற்றாண்டிலேயே தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணம் வரைந்தார். அக்கடற்கரையின் ஆவணங்களைப் பெயர்ப்போர் இன்றும் வடிவத்திற்கு வடிவம் தேடுவது வியப்பிற்குரியது. தொல்காப்பியம் எச்ச வாய்பாடுகளை வினையியலிலும், புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் மருட்கையின் நிலைக்களன்களை மெய்ப்பாட்டியலிலும் கூறும். முதுகலைப் பாடத்திட்டம் இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் பயிற்றுதல் வேண்டும். இருமொழி அகராதிகளும் 'பார்த்தால்' என்பதற்கு இப்பொருளைத் தனியே தருதல் வேண்டும்.