நாய் வாழும் இல்லத்தில் புதிய பூனை

நோயிலிருந்து தேறிவருபவருக்குத் துணையாகட்டும் என்று சிலர் பூனைக்குட்டி ஒன்றை வீட்டிற்குக் கொண்டுவருகின்றனர். அவ்வீட்டில் முன்பே நாய் இருப்பின், இரண்டையும் முதல் நாளே நேருக்கு நேர் விடுவது தவறு. சில வாரங்கள் பிரித்து வைப்பது கொடுமையன்று. நட்புக்கு அதுவே வழி.

திருவரங்கத்தின் பழைய வீடுகள் பல, திண்ணை முதல் கொல்லை வரை நீண்டவை. அங்குப் பின்கட்டு அறையைப் பூனைக்கு ஒதுக்கலாம். திருச்சிராப்பள்ளியின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஓர் அறையே போதும். ஒன்று படுத்த துணியை மற்றதன் அருகில் இட்டு, வாசனையால் முதலில் பழக்குங்கள். மூடிய கதவின் இருபுறமும் உணவளியுங்கள். நாய் அமைதியடைந்த பின், அதைக் கயிற்றில் பிடித்தபடி சில நிமிடங்கள் மட்டும் காணவிடுங்கள். பூனை ஏறி ஒதுங்க உயரமான இடமும் வேண்டும்.

இரண்டும் சண்டையிட்டால் இடையில் கை நீட்டாதீர்கள். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும். ஆதலால் இரண்டிற்கும் தடுப்பூசி அவசியம். கடியோ கீறலோ பட்டால், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே மருத்துவரை அணுகுங்கள். நீரிழிவு உடையோரும் நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோரும் சிறு கீறலையும் புறக்கணிக்கலாகாது.

ஆறுதலுக்காக வந்த உயிர் காயத்திற்குக் காரணமாகாதிருப்பது நம் பொறுமையில்தான் உள்ளது.