உறவு போதும், ஒப்பந்தம் எதற்கு?

சங்கங்களைப் பார்வையிடுவது என் தொழில். அவ்வாறு சென்ற ஓரிடத்தில், நெசவாளர் சங்கமொன்றின் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். விற்பனை நிலையச் சிப்பந்திகள் மூவரின் ஊதிய உயர்வு விண்ணப்பம் மூன்று ஆண்டுகளாக நிர்வாகக் குழுவின் முன் வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் “ஒத்தி வைக்கப்பட்டது” என்றே எழுதப்பட்டிருந்தது. அங்கத்தினருக்கு இலாபப் பங்கு வழங்கும் தீர்மானமோ ஓராண்டேனும் ஒத்திவைக்கப்படவில்லை. இதனைச் சுட்டிக் காட்டியபோது தலைவர் புன்முறுவலுடன் கூறினார்: “நாமெல்லாம் ஒரே குடும்பமல்லவா? இங்கே முதலாளி யார், தொழிலாளி யார்? உறவு போதாதா?”

அவர் தீய எண்ணத்துடன் அவ்வாறு கூறவில்லை. தாமும் தறிக்குழியில் அமர்ந்து காலங்கழித்தவர். ஆயினும் அவ்விடை என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது. இதே வினா ஐரோப்பிய நாடுகளின் சில்லறை வாணிபத்தில் நெடுங்காலத்துக்கு முன்பே எழுந்தது. கடை நடத்துவோரும் ஊழியர் சங்கங்களும் அங்கே ஒத்துழைக்கக் கற்றுக்கொண்ட வரலாறு நம் சங்கங்களுக்கும் பயன்படும்.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் திறக்கப்பெற்ற சிறு கடையின் வரலாறு கூட்டுறவாளர் அனைவரும் அறிந்ததே. அதனைத் தொடங்கிய 28 பேருள் நெசவாளர் பலர். வாங்கும் பொருளின் அளவுக்கேற்ப இலாபத்தைப் பகிர்ந்தளிக்கும் அவர்தம் முறை நாடெங்கும் பரவி, ஏழைக் குடும்பங்களுக்குப் பெருந்துணையாயிற்று. ஆனால், கடைப் பலகைக்கு அப்பால் நின்று மாவும் வெண்ணெயும் நிறுத்துக் கொடுத்தவர்களின் நிலை என்ன? 1891ஆம் ஆண்டில் மான்செஸ்டர் வட்டாரக் கூட்டுறவு ஊழியர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். எதிர்த்து நின்றது தனி முதலாளியை அன்று. தொழிலாளரே உடைமையாளராய் இருந்த கடையின் நிர்வாகத்தோடுதான் அவர்கள் பேச வேண்டியிருந்தது.

இதில் நாம் வியந்து போற்றத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1883இல் தோன்றிய கூட்டுறவு மாதர் மன்றம், கடையில் பொருள் வாங்கும் இல்லத்தரசிகளின் அமைப்பு. மார்கரெட் லெவலின் டேவிஸ் அம்மையார் செயலாளராயிருந்த காலத்தில், கூட்டுறவுப் பணியிலுள்ள பெண்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் வேண்டுமென அம்மன்றம் இடைவிடாது வாதாடியது. 1912இல் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கம் அதற்கு இணங்கிற்று. ஊதியம் உயர்ந்தால் தமது இலாபப் பங்கு குறையுமே என்று அப்பெண்கள் கணக்குப் பார்க்கவில்லை. தாம் அங்கத்தினர் என்பதோடு, ஊழியம் கொள்வோரும் ஆவோம் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அன்று மான்செஸ்டரில் முளைத்த சங்கம் பிற சங்கங்களோடு இணைந்து வளர்ந்து, 1947 முதல் பிரிட்டனின் பெரிய கடை ஊழியர் சங்கமாக விளங்கி வருகின்றது. 1998இல் டெஸ்கோ என்னும் மாபெரும் கடை நிறுவனமே அச்சங்கத்துடன் கூட்டாண்மை ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஒப்பந்தம் ஊழியரை மட்டுமே காக்கும் என எண்ணுதல் தவறு. சுவீடன் நாட்டின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். 1938இல் சால்ட்சியோபாடன் என்னும் ஊரில் முதலாளிகளின் அமைப்பும் தொழிற்சங்கங்களின் தலைமை அமைப்பும், தம்முள் எழும் பிணக்குகளைத் தீர்க்கும் நெறிகளை வகுத்துக் கையொப்பமிட்டன. அந்நாட்டில் சட்டத்தால் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி இல்லை. கூலியை நிர்ணயிப்பவை கூட்டு ஒப்பந்தங்களே. 1995இல் டாய்ஸ் ஆர் அஸ் என்னும் அமெரிக்கப் பொம்மைக் கடை நிறுவனம் அங்கே வந்து, கூட்டு ஒப்பந்தத்தில் கையொப்பமிட மறுத்தது. வாணிப ஊழியர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. பிற துறைச் சங்கங்களும் துணைநின்றன. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் நிறுவனம் கையொப்பமிட்டது.

ஒரு சில கடைகளின் பொருட்டு இத்துணைப் போராட்டம் ஏன்? ஒருவர் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்று குறைந்த கூலியில் வாணிபம் செய்வாராயின், கையொப்பமிட்ட நல்ல கடைக்காரர் அவரோடு போட்டியிட மாட்டாமல் தாமும் கூலியைக் குறைப்பார். கூலியைக் குறைத்துத் துணியை மலிவாக விற்கும் தனி வியாபாரியால் நம் சங்கங்கள் படும் பாட்டை நெசவாளருக்கு விளக்கவும் வேண்டுமோ? எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருந்தால், நேர்மையாளர் நட்டமடைய வேண்டியதில்லை.

இதற்கு மறுதலையான பாடத்தை ஜெர்மனி தருகின்றது. அங்கே சில்லறை வாணிபத் துறையின் ஊதிய ஒப்பந்தங்கள் 2000ஆம் ஆண்டையொட்டிய காலம் வரை, கையொப்பமிடாத கடைகளையும் கட்டுப்படுத்துமாறு அரசால் விரிவாக்கப்பட்டு வந்தன. பின்னர் அவ்வழக்கம் நின்றது. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாமலே முதலாளிகள் சங்கத்தில் உறுப்பினராகலாம் என்ற வாயிலும் திறந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கடைகள் விலகின. இன்று அங்குள்ள கடை ஊழியருள் ஒப்பந்தப் பாதுகாப்புப் பெற்றோர் சிறுபான்மையினரே. கரையில் ஒரு மடை உடைந்தால் ஏரி நீர் முழுதும் வடிவதை உழவர் அறிவர்.

ஐரோப்பா முழுமைக்குமாகவும் ஓர் ஏற்பாடு உண்டு. யூரோகாமர்ஸ் என்னும் வணிகர் அமைப்பும், யூனி யூரோப்பா என்னும் சேவைத் துறைத் தொழிற்சங்க அமைப்பும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுகின்றன. வாடிக்கையாளராலும் பிறராலும் ஊழியருக்கு நேரும் வன்முறையைத் தடுப்பதற்கான நெறிமுறைகளில் 2010இல் இவ்விரு அமைப்புகளும் வேறு சில துறையினருடன் சேர்ந்து கையொப்பமிட்டன. இத்தகைய நெறிமுறைகள் பெரும்பாலும் பரிந்துரைகளே. அந்தந்த நாட்டில், அந்தந்தக் கடையில் ஒப்பந்தமாக மாறினாலன்றி அவை ஏட்டுச் சுரைக்காயாகவே நிற்கும்.

“இவை தொலைதூரத்துச் செய்திகள், நமக்கு என்ன?” என்பார்க்கு ஒன்று சொல்வேன். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அத்துயருக்குப் பின், 2022 ஏப்ரலில், பெண்களால் வழிநடத்தப்படும் தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துடனும் அதன் துணை அமைப்புகளுடனும் ஆடை உற்பத்தி நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. சுவீடனின் எச் அண்டு எம் கடை நிறுவனமும் இரு அமெரிக்க நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையொப்பமிட்டன. பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுப்பதே அதன் நோக்கம். ஒப்பந்தத்தை மீறினால் ஆடை வாங்கும் நிறுவனங்களின் வாணிபத்தை இழக்க நேரும் என்பதே அதன் வலிமை. முன்னரும் நன்னடத்தை விதிகள் சுவரில் தொங்கின. அவை அப்பெண்ணைக் காக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

தம் நிர்வாகத்துக்கு எதிராகச் சிப்பந்திகளைத் தூண்டுவதாகச் சிலர் என்னைக் குறைகூறலாம். நலிந்த சங்கங்களின் கணக்கை நாள்தோறும் பார்ப்பவன் நான். இல்லாத பணத்தைக் கொடுக்கச் சொல்லேன். ஆனால் சங்கத்தின் நிலை இதுவென்று கணக்கைத் திறந்து காட்டி, இவ்வளவே இயலும், இன்ன நாளில் மீண்டும் பேசுவோம் என்று எழுதிக் கையொப்பமிடுதல் எந்த ஏழைச் சங்கத்துக்கும் இயலும். ஒத்திவைத்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னதில் ஒருவர் காத்திருக்கிறார். பின்னதில் இருவர் கட்டுப்படுகின்றனர்.

பாவு மட்டும் துணியாகாது; ஊடையும் தனித்துத் துணியாகாது. இரண்டும் தத்தம் இழுப்பில் நின்று ஒன்றையொன்று பற்றினால்தான் துணி நிற்கும். ஆதலின் நிர்வாகக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வரும் ஆண்டுப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில் இலாபப் பங்கு பற்றிய தீர்மானத்துக்கு முன்னதாகச் சிப்பந்திகளுடன் செய்துகொண்ட ஊதிய ஒப்பந்தத்தை வையுங்கள். உறவு மெய்யானதாயின், அதனை எழுதிக் கொடுக்க அஞ்ச வேண்டியதில்லை.