ஒயர் போச்சு... என் இடமும் போச்சு!

ஓசூரில் சிலர் சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். சிலர் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூருக்குப் போகிறார்கள். என் கணவர் இரண்டாவது ரகம். எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. காலை ஏழு மணிக்கு டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால், இரவு வரை வீடு என் ராஜ்யம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்ட இ-பாஸ் கேட்ட அந்த நாட்களில், இவருடைய ஆபீஸே எங்கள் வீட்டுக்குக் குடிவந்து விட்டது. முதலில் லேப்டாப் மட்டும்தான். சாப்பாட்டு நேரத்தில் மூடி பீரோ மேல் வைத்து விடுவார். தொந்தரவு இல்லை. கொஞ்ச நாளில், "கழுத்து வலிக்குது, சின்ன திரையில் வேலை ஓடலை" என்று ஆபீசிலிருந்து பெரிய மானிட்டரும் ஒரு கறுப்புப் பெட்டியும் கொண்டு வந்தார். "இது ஒயர்லெஸ் டாக்கிங் ஸ்டேஷன். இனிமே ஒயர் தொல்லையே கிடையாது பாரு" என்றார்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மாடு கட்டுத்தறிக்கு வந்து நிற்பது போல, லேப்டாப் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்தால் போதும். பெரிய திரை, கீ-போர்டு, மவுஸ் எல்லாம் தானாகச் சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பில் எதையும் சொருக வேண்டாம். வேலை முடிந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஒயர் இல்லை என்றாரே, அதைத்தான் எண்ணிப் பார்த்தேன். பெட்டிக்கு கரண்ட் ஒயர், மானிட்டருக்கு கரண்ட் ஒயர், பெட்டியிலிருந்து மானிட்டருக்கு ஒன்று, கீ-போர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று, சார்ஜ் இறங்கினால் லேப்டாப்புக்கு ஒன்று. ஆக மொத்தம் ஆறு! லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்த ஒரே ஒரு ஒயர்தான் போயிருக்கிறது. மற்றதெல்லாம் மேஜைக்குக் கீழே இருக்கிறது. பெருக்கித் துடைக்கிற எனக்குத்தானே தெரியும்!

இதெல்லாம் வைக்க இடம் வேண்டுமே. ஹாலில் ஜன்னலோரம் என் தையல் மெஷின் இருந்தது. அங்கேதான் வெளிச்சமும் பிளக் பாயிண்டும் உண்டு. "ரெண்டு வாரத்துக்குத்தானே" என்று மெஷினைப் பின்பக்க வராந்தாவுக்குத் தள்ளினார்கள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. குடும்பத்துக்குச் சோறு போடுகிற வேலை அவருடையது என்று நினைத்தேன். எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று பேசுகிறவர்களும் என்னிடம்தான் பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். மாசம் மூவாயிரம் ரூபாய் வரை கையில் நிற்கும். மகளின் டியூஷன் பீஸ் அதில்தான். வராந்தாவில் மாலை வெளிச்சம் இல்லை. மழை வந்தால் சாரல். ஒரு பட்டு பிளவுஸ் நனைந்து, துணிக்குக் காசு கொடுத்தேன். அதற்குப் பிறகு கேட்டு வருகிறவர்களிடம் "இப்போ தைக்கிறதில்லைங்க" என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மெஷின் போன பிறகும் மேஜையைத் தாண்டித்தான் நான் சமையலறைக்குப் போக வேண்டும். காபி டம்ளரோடு லேப்டாப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் நின்றால், பெரிய திரை நடுங்கும். சில சமயம் அணைந்தே போகும். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்பார். என் உடம்புக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒன்பதாவது படிக்கும் மகளைக் கேட்டேன். அவள் தேடிப் படித்துச் சொன்னாள். வீட்டு வைபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஓடுவது. அது சுவரையும் ஓரளவு தாண்டும். இந்தப் பெட்டி வைகிக் என்ற முறையில் 60 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டாது. குறுக்கே மனுஷர் நின்றாலே தடைபடும். டெல், லெனோவா, ஹெச்பி எல்லாம் இப்படிப் பெட்டிகள் விற்றிருக்கின்றன. ஆனால் 2017-லேயே இன்டெல் கம்பெனி, லேப்டாப்புக்கான இந்தப் பாகங்களை நிறுத்தப் போவதாகச் சொல்லிவிட்டதாம். இப்போது யு.எஸ்.பி.-சி என்ற ஒரே ஒயரில் படமும் சார்ஜும் சேர்ந்து போகிற பெட்டிகள்தான் அதிகம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பதினைந்து வருஷமாக நான் நடமாடுகிற ஹாலில், நானே குறுக்கே நிற்கிறவள் ஆகிவிட்டேனே என்று தோன்றியது.

ஊரடங்கு எப்போதோ முடிந்துவிட்டது. இவர் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ் போகிறார், இரண்டு நாள் வீட்டில். போகும்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மானிட்டரும் பெட்டியும் காவல்காரன் மாதிரி ஜன்னலோரம் நிற்கும். ஆள் இல்லாத நாளிலும் அந்த மேஜையை யாரும் தொடக்கூடாது. ரெண்டு வாரம் என்றது நாலு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

போன தைப் பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது மனசு விட்டுச் சொன்னேன். "ஏங்க, உங்க வேலைக்கு வெளிச்சம் வேணாம், திரையிலேயே வெளிச்சம் இருக்கு. ஊசியில் நூல் கோக்க எனக்குத்தான் ஜன்னல் வேணும். லேப்டாப்பும் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் போதும்னு பொண்ணு சொல்றா. படுக்கையறை மூலையில் வைக்கலாமே?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. தப்பு இரண்டு பேர் மேலும்தான்.

இப்போது மானிட்டர் படுக்கையறை மூலையில். அங்கே யாரும் குறுக்கே போவதில்லை, திரையும் நடுங்குவதில்லை. என் மெஷின் ஜன்னலோரம் வந்துவிட்டது. பழைய வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர்தான் திரும்ப வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். அது என் நஷ்டம்.

சகோதரிகளே, வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதுதான். பஸ் அலைச்சல் மிச்சம், பிள்ளைகளோடு அப்பா இருக்கிறார். ஆனால் ஆபீஸ் வீட்டுக்கு வரும்போது அதற்கு எங்கே இடம் என்று வீட்டுக்காரியையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். எங்கள் மாடியில் வேலைக்குப் போகிற ஒரு தங்கை இருக்கிறாள். அவளும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறாள். அவளுக்கு டாக்கிங் ஸ்டேஷனும் இல்லை, மேஜையும் இல்லை. அடுப்படித் திட்டில்தான் லேப்டாப்! கணவர் வேலைக்கு மூலை தேடுகிற வீட்டில், மனைவியின் வேலைக்கும் ஒரு மூலை தேடக்கூடாதா? தையலோ கம்ப்யூட்டரோ, வேலை வேலைதானே?

"ரெண்டு வாரத்துக்குத்தானே" என்று யாராவது உங்கள் இடத்தைக் கேட்டால், காலண்டரில் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கொடுங்கள். நான் குறிக்கவில்லை.

– ஒரு குடும்பத் தலைவி, ஓசூர்