எங்கள் கிணற்றையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்

என் மகளைக் கட்டிக்கொடுத்த ஊர் திருப்பூருக்குப் பக்கம். அங்கே பள்ளிக்கூடத்து வாசலில் குடிநீர் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வைத்தது பனியன் ஏற்றுமதி செய்கிற, சொந்தச் சாயப்பட்டறையும் உள்ள ஒரு பெரிய நிறுவனம். கருங்கல்லில் பெயர் பொறித்தாயிற்று. ரிப்பன் வெட்டிய படம் பேப்பரில் வந்தாயிற்று. ஒரு குடம் நல்ல தண்ணீர் முன்பக்கம் வரும்போது, உள்ளே போனதைவிட உப்பேறிய தண்ணீர் பின்பக்கக் குழாயில் கொட்டுகிறது. அது போவது ஓடைக்கு. ஓடை சேர்வது நொய்யல் ஆற்றில். நொய்யல் வருவது எங்களிடம். பனியன் முதலாளிகளே, நீங்கள் செய்கிற தருமத்தின் கழிவைக்கூட நாங்கள்தான் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த ஊர்த் தண்ணீர் குடிக்க முடியாமல் போனது எதனால் என்று கல்லில் ஒரு வரி சேர்த்து எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

நான் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பூமி வைத்திருப்பவன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேருகிற நொய்யலுக்குக் குறுக்கே 1992-ல் அந்த அணையைக் கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர்ப் பக்கத்து மேட்டுக்காடெல்லாம் இனிப் பச்சை பிடிக்கும் என்று என் அப்பன் நம்பினார். வந்து தேங்கியது திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணீர். அணை நிறைந்தால் பொங்கல் வைக்க வேண்டிய குடியானவன், தேக்காதீர்கள் சாமி, எங்கள் கிணறெல்லாம் போகிறது என்று அதிகாரிகளின் காலைப் பிடித்தான். அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிறம் மட்டும்தான் கெடுதல் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போட வேண்டும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பு துணியில் தங்காது, அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். நிறத்தை எடுத்துக் காட்டுவது சுலபம், உப்பை எடுப்பதற்குத்தான் காசு செலவாகும். அதனால்தான் தெளிந்த தண்ணீர் என்று பாட்டிலில் பிடித்துக் காட்டியதெல்லாம் எங்கள் வயலைக் கருக்கியது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்புக்கு மேல் வெளியே விடக்கூடாது என்பது விதி. அந்த விதி யாரைக் காத்தது?

வாய்க்கால் பாய்ந்த இடமெல்லாம் வெயில் ஏறியதும் மண் வெள்ளையாகப் பூக்கும். மண்வெட்டியால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக எழும்பி வரும். மஞ்சள் போட்டோம், இலை நுனியிலிருந்து காய்ந்தது. தென்னையில் குரும்பை உதிர்ந்தது. நின்ற காய்களை வெட்டிக் குடித்தால் இளநீர் உவர்த்தது. மோட்டார்க் குழாயைக் கழற்றினால் உள்ளே உப்புப் படிந்து, கைவிரல் நுழையக்கூட வழியில்லை. சினைமாடு கன்று வீசிற்று. வைத்தியர் வந்து, முதலில் தண்ணியை மாத்துங்க என்றார். எந்தத் தண்ணிக்கு மாற்றுவது? பெண் கேட்டுப் போன வீட்டில், "அந்த ஊர்த் தண்ணியிலயா எம்புள்ள பொழங்கும்?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை, நானும் என் மகளை மேற்கேதான் கொடுத்தேன்.

நாங்கள் கல்லெறியவில்லை. கோர்ட்டுக்குப் போனோம். நொய்யல் ஆயக்கட்டுக்காரர்கள் சங்கம் போட்ட வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுத்திகரிக்காமல் வெளியேற்றும் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் கட்டு என்றது. சாயத்தண்ணீர் அப்புறமும் வந்துகொண்டேதான் இருந்தது. அவமதிப்பு வழக்குப் போட்டு, 2011 ஜனவரி 28-ல் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. உடனே பழி எங்கள் தலையில் விழுந்தது. தொழிலாளி வயிற்றில் அடித்துவிட்டார்கள் விவசாயிகள் என்றார்கள். ஐயா, காடு கருகிய பிறகு எங்கள் பிள்ளைகள் பஸ் ஏறிப் போனது அந்தப் பனியன் கம்பெனிகளுக்குத்தான். தறிகெட்டு நடந்தவர்கள் முதலாளிகள். மோதவிடப்பட்டது அப்பனும் மகனும்.

2017-ல் ஆற்றில் நுரை பொங்கியபோது, கோவை மக்கள் போட்டுக் குளிக்கும் சோப்புத்தான் காரணம் என்று அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டும் உயிரோடிருக்கிறோம்.

இன்றைக்குத் திருப்பூர் சொட்டுக் கழிவும் வெளியே விடாத தொழில் நகரம், ஊருக்கெல்லாம் முன்மாதிரி என்கிறார்கள். ஒழுங்காகச் சுத்திகரிப்பு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கோர்ட் கழுத்தைப் பிடித்த பிறகு செய்ததை நீங்களாக முன்வந்து செய்ததுபோல் வருடாந்தர அறிக்கையில் பளபளப்புத் தாளில் அச்சடிக்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. அடிமண்ணில் ஊறிய உப்பு எந்தச் சான்றிதழைக் கண்டு இறங்கிப் போகும்? பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புகிற ஆடிட்டர் வந்தால் தீயணைப்புக் கருவியைப் பார்க்கிறார், கக்கூஸைப் பார்க்கிறார், வேலையாட்களிடம் நாலு கேள்வி கேட்கிறார். பார்க்க வேண்டியவைதான். ஆற்றங்கரையோடு கிழக்கே வந்து ஒரு கிணற்றை எட்டிப் பார்த்த ஆடிட்டரை எங்கள் பக்கம் கண்டவர் இல்லை.

2013-ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம், 135-ஆம் பிரிவு, பெரிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கிற பகுதிக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. எது உங்கள் பகுதி? ஆலைச் சுவரைச் சுற்றியிருக்கிற நாலு வார்டு என்று நீங்களே கோடு போட்டுக்கொண்டீர்கள். அங்கே பெஞ்சு, மரக்கன்று, கண் சிகிச்சை முகாம். நல்லது, நடக்கட்டும். உங்கள் சாயத்தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றதா? மாவட்ட எல்லை தாண்டி, காவிரி வரைக்கும் போயிற்றே! அது எங்கெல்லாம் பாய்ந்ததோ அதெல்லாம் உங்கள் பகுதிதான். எங்கள் மாட்டுப்பட்டியும் உங்கள் பகுதி. வெள்ளை பூத்துக் கிடக்கிற என் மஞ்சள் காடும் உங்கள் பகுதி.

எங்களுக்கு நோட்டுப் புத்தகம் வேண்டாம், குடம் வேண்டாம், பொன்னாடை வேண்டாம். சந்தையில் ஒருவன் பானைக்காரனின் மண்பானையைத் தட்டி உடைத்தால்கூடக் காசை எண்ணி வைத்துவிட்டுத்தான் நகர முடியும். எங்களுக்கு இரண்டு தலைமுறையின் மண் உடைந்திருக்கிறது. லாபத்திலிருந்து கிள்ளித் தருவதாக நினைக்காதீர்கள். மண்ணை மீட்கிற செலவு, கிணற்றைத் தூர்வாரி மீட்கிற செலவு, விளைச்சல் போன வருடங்களின் ஈடு, இவையெல்லாம் நீங்கள் லாபம் என்று எழுதிக்கொள்வதற்கு முன்னாலேயே கழித்திருக்க வேண்டிய தொகை.

அடுத்த அறிக்கை அச்சுக்குப் போகும் முன் உங்கள் ஆட்களை உப்பு அளக்கிற மீட்டரோடு அனுப்புங்கள். மோட்டாரைப் போட்டு விடுகிறேன். என் கிணற்றில் வருகிற எண்ணை, ஊர்ப் பெயரோடும் தேதியோடும் முதல் பக்கத்தில் போடுங்கள். அந்த எண் இறங்கும்வரை வருடா வருடம் போடுங்கள்.