மென்மைக்கு அளவுகோல் வேண்டாமா?

"விரல் உணர்வதை எண்ணில் அடக்க முடியுமா?" இலக்கியக் கூட்டங்களில் இக்கேள்வியை எவரேனும் எழுப்பினால் உடனே கைதட்டல் எழுகிறது. விடையைக் கேட்பவரும் எதிர்பார்ப்பதில்லை, கேட்டிருப்பவரும் எதிர்பார்ப்பதில்லை. டிஷ்யூ காகிதத்தின் மென்மையை அளக்கக் கருவி உண்டு என்று சொன்னாலோ சிரிப்புதான் பதில். இச்சிரிப்பு கவிதையைக் காப்பதாகச் சிரிப்பவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காப்பது விளம்பரத்தை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மென்மையும் வழவழப்பும் ஒன்றல்ல. பளிங்கு வழவழப்பானது, மென்மையானதன்று. நம் உரையாசிரியர்கள் ஊற்றினை வெம்மை, தண்மை, வன்மை, மென்மை, நொய்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை என எட்டாக வகுத்தனர். மென்மைக்கு மறுதலை வன்மை. இழுமெனலுக்கு மறுதலை சருச்சரை. இரண்டையும் குழப்பாத தெளிவு அவர்களுக்கு இருந்தது. தொடு உணர்வைப் பகுக்கவே கூடாதென்பவர்கள் எந்த மரபின் பெயரால் பேசுகிறார்கள்?

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எம்டெக் நிறுவனம் உருவாக்கிய கருவி இப்பகுப்பைத்தான் செய்கிறது. காகிதத்தைப் பறைத்தோல்போல் இழுத்துப் பிடித்து, அதன்மேல் சிறு தகடுகளைக் குறிப்பிட்ட விசையில் அழுத்திச் சுழற்றுகிறார்கள். எழும் அதிர்வையும் ஒலியையும் உணரி பதிவுசெய்கிறது. 750 ஹெர்ட்ஸை ஒட்டிய முகடு மேற்பரப்பின் சொரசொரப்பைக் காட்டும். 6500 ஹெர்ட்ஸை ஒட்டிய முகடு இழைகளின் விறைப்பைக் காட்டும். அது தாழத் தாழக் காகிதம் மென்மையானது. அழுத்தத்திற்குக் காகிதம் எவ்வளவு நெகிழ்கிறது என்பது மூன்றாவது அளவு.

தொடுதலை ஒலியாகக் கேட்பது வேடிக்கை என்பீர்கள். உளவியலாளர் டேவிட் காட்ஸ் 1925இல் வெளியிட்ட தம் நூலிலேயே, நுண்ணிய சொரசொரப்பை நாம் அறிவது விரல் நகரும்போது எழும் அதிர்வால் என்று வாதிட்டார். அசையாத விரலுக்கு நுண்மை புலப்படுவதில்லை. துணிக்கடையில் துணியைத் தடவிப் பார்க்கும் எவருக்கும் இது தெரியும்.

எதிர்வாதத்தில் ஒரு பகுதி சரியானது; அதை மறைக்க வேண்டியதில்லை. 6500 ஹெர்ட்ஸ் அதிர்வை மனித விரல் உணராது. அம்மூன்று அளவுகளையும் ஒரே 'தொடு மதிப்பாக'த் திரட்டும் சூத்திரமோ, மனிதர் பலர் தொட்டுத் தந்த மதிப்பெண்களைக் கொண்டே அமைக்கப்படுகிறது. முகம் துடைக்கும் காகிதத்திற்கு ஒரு சூத்திரம், கழிப்பறைக் காகிதத்திற்கு வேறொன்று. ஆகவே அந்த எண் மனிதனைக் கடந்த உண்மையன்று. ஆனால் யாருடைய விரல், எந்தப் பொருள், எந்தச் சூத்திரம் என்று கேட்டு அதைச் சோதிக்க முடியும். "இது மென்மை, நம்புங்கள்" என்பவரிடம் எதைக் கேட்பது?

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சுவேவோ கவாபாட்டா 1970களில் துணிகளுக்கு இதையே செய்தார். 1972இல் அமைந்த குழுவில் துணித்தொழிலின் கைதேர்ந்தவர்களை அமர்த்தி, அவர்கள் வழங்கிய கோஷி, நுமெரி, ஃபுகுராமி முதலிய சொற்களைத் திரட்டினார். விறைப்பு, வழவழப்பு, புசுபுசுப்பு என அவற்றை ஏறக்குறையத் தமிழாக்கலாம். பின்னரே வளைதல், உராய்வு, அமுங்கல் உள்ளிட்ட 16 அளவுகளோடு அவற்றை இணைத்தார். தொழிலாளியின் சொல் முதலில், கருவி பிறகு. அளவை இங்கே சொல்லை அழிக்கவில்லை. அதற்குப் பொறுப்பைக் கொடுத்தது.

இதில் காடு அடங்கியிருக்கிறது என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். டிஷ்யூவின் மென்மை தானாக வருவதன்று. ஈரக் காகிதத்தைச் சூடான பெரிய உருளையில் உலர்த்தி, கூரிய தகட்டால் சுரண்டி எடுக்கையில் விழும் நுண்மடிப்புகள் அதைத் தருகின்றன. யூகலிப்டஸின் குட்டை இழை பட்டுப்போன்ற மேற்பரப்பைத் தரும். ஊசியிலை மரத்தின் நீள இழை வலிமையைத் தரும். பலமுறை உலர்ந்த மறுசுழற்சி இழை விறைத்துவிடும். அமெரிக்காவின் என்.ஆர்.டி.சி. என்ற சூழல் அமைப்பு, ஸ்டாண்ட்.எர்த் அமைப்போடு சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கை, கனடாவின் வடகாட்டு மரங்கள் கழிப்பறைக் காகிதமாவதைக் கண்டித்தது. உற்பத்தியாளர் தரப்பின் விடை, நுகர்வோர் மென்மையைக் கேட்கிறார் என்பது.

எவ்வளவு மென்மை? மறுசுழற்சிக் காகிதம் எத்தனை அலகு குறைவு? அந்த வேறுபாடு விரலுக்குத் தெரியுமா, அல்லது உறையில் அச்சிட்ட மேகமும் குழந்தையும் தரும் மயக்கமா? எண் இல்லாமல் இக்கேள்விகளைத் தொடுக்கவே இயலாது. அந்த எண்கள் ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் இருக்கின்றன. கடையில் நிற்பவருக்குக் கிடைப்பது "மேகம் போன்ற மென்மை" என்ற உவமை மட்டும். அளப்பவர் அங்கே அளந்துகொண்டிருக்க, நாம் இங்கே அளக்க முடியாதென்று கைதட்டுகிறோம்.

உவமையின் இடம் எனக்குத் தெரியும். அதைக் கற்பித்தே பிழைக்கிறேன். ஆனால் விற்பவர் உவமையில் பேசும்போது வாங்குபவர் எண்ணைக் கேட்க வேண்டும். அதை நகைக்கும் உரிமை இலக்கியத்திற்கு இல்லை.