சிங்கமும் சிப்பாயும்

சுவிட்சர்லாந்து நாட்டு லூசர்ன் நகரிலே, பாறை முகட்டைக் குடைந்து சிங்கமொன்று செதுக்கியிருக்கிறார்கள். விலாவிலே முறிந்த ஈட்டி, முகத்திலே மரண வேதனை, முன்னங்காலின் கீழே பிரெஞ்சு மன்னர் குலத்தின் லில்லி மலர் பொறித்த கேடயம்! சுவிஸ் காவலரின் விசுவாசத்தையும் வீரத்தையும் போற்றி இலத்தீன் மொழியில் கல்வெட்டு வேறு. 1821-இல் திறக்கப்பட்ட சின்னம் அது.

விசுவாசம்! யாருக்கு, தோழர்களே?

பதினாறாம் லூயி மன்னனுக்கு. அவனுக்குப் பிரெஞ்சு நாட்டிலே காவலரா கிடைக்கவில்லை? கிடைத்தனர். 1563-இல் அமைந்த பிரெஞ்சுக் காவற்படை இருந்தது. ஆனால், பாரிசு மக்களோடு பழகி, அவர்தம் பசியறிந்த அப்படையினர் பலர், 1789 சூலை 14-இல் பீரங்கியோடு மக்கள் பக்கம் சேர்ந்தனர். பாஸ்டில் சிறை வீழ்ந்தது. சொந்த நாட்டான் துப்பாக்கி சொந்த மக்களை நோக்கத் தயங்கும். அந்நியன் துப்பாக்கி தயங்காது! 1616 முதலே சுவிஸ் காவற்படையை மன்னர்கள் கூலி கொடுத்து வைத்திருந்த சூட்சுமம் வேறென்ன?

சுவிஸ் மாநிலங்களின் மேட்டுக்குடியினர் பிரெஞ்சு அரசோடு ஒப்பந்தம் எழுதினர், ஆளனுப்பினர், ஆண்டுதோறும் உதவித்தொகை பெற்றனர். சீமானுக்குப் பணமுடிப்பு, மலைநாட்டு ஏழை மகனுக்குச் சிவப்புச் சட்டை!

வந்தது 1792 ஆகஸ்டுத் திங்கள் 10-ஆம் நாள். துய்லெரி அரண்மனையை நோக்கி மக்கள் வெள்ளம் திரண்டது. மாமன்னன் என்ன செய்தான்? வாளேந்தி வாயிலில் நின்றானா? சண்டை மூளுமுன்பே, மனைவி மக்களோடு சட்டமன்றத்திலே புகலிடம் தேடிக்கொண்டான். போகுமுன் காவலரைக் கலைந்து செல்லச் சொன்னானா? அதுவும் இல்லை! அரசனில்லா அரண்மனைக்குக் காவல் நின்றனர் அவர்கள். குண்டுகள் பறந்து, பிணங்கள் விழுந்தபின்தான், கொட்டடிக்குத் திரும்புமாறு சீட்டு எழுதியனுப்பினான் கோமான். காலங்கடந்த சீட்டு! சுவிஸ் காவலர் நூற்றுக்கணக்கில் மாண்டனர். சரணடைந்தோரையும் கூட்டம் வெட்டி வீழ்த்தியது. அக்கொடுமையை மறைக்க மாட்டேன். மக்கள் பக்கமும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தனர்; அவர்களும் ஏழைகளே.

"காவலன் கடமையைச் செய்தான், அதைப் போற்றினால் என்ன குற்றம்?" என்பார் சிலர். செத்தவனை நான் பழிக்கவில்லை, ஐயா! அவன் சாவை விசுவாசமென்று விலை பேசியோரையே கேட்கிறேன். சின்னம் எழுப்ப முன்னின்றவர் அப்படையின் அதிகாரி; சண்டை நடந்த நாளில் விடுப்பிலே ஊரில் இருந்தவர்! மாண்ட அதிகாரிகளின் பெயர்களைப் பாறையிலே பொறித்தார்கள். சிப்பாய்க்குப் பெயரில்லை. மாண்ட சிப்பாய்கள் "ஏறத்தாழ 760" என்று பொறித்தார்கள்.

ஏறத்தாழ!