ஏலாமல் இருக்கிறதா?



ஏலாதபோது நாம் "ஒரு மாதிரியா இருக்கு" என்போம். ஆங்கிலத்தில் இதை 'அண்டர் த வெதர்' என்பார்கள். மழை, வெயிலைப் பற்றிய பேச்சல்ல. கொஞ்சம் சுகமில்லை என்பதே பொருள். 'நொட் மைசெல்ஃப்' என்றால் வழக்கமான தெம்போ மனநிலையோ இல்லை. 'அவுட் ஒஃப் சோர்ட்ஸ்' என்றால் சோர்வும் சிடுசிடுப்பும்.

பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் பதுளை ஆஸ்பத்திரியிலோ தோட்டத்து டிஸ்பென்சரியிலோ இவை போதா. எங்கே வலி, எத்தனை நாளாகக் காய்ச்சல், என்ன மருந்து குடித்தீர்கள் என்று விபரமாகச் சொல்லுங்கள். ஆங்கிலமோ சிங்களமோ வராவிட்டால் வெட்கப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தப்படி தமிழும் அரசகரும மொழியே. தமிழிலேயே சொல்லி, மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். வெட்கத்தில் மறைத்த நோயை டொக்டர் எப்படி அறிவார்?